பேராண்டி குரூப் எடுக்கான், ஊரே யோசனை சொல்லுது

ஏ பேராண்டி, பத்தாப்பு தேறிட்டியாமே. சந்தோசம்யா. 500க்கு எம்புட்டுன்னு நான் கேக்க மாட்டேன். அதைக் கேக்கதுக்குன்னே நம்ம தெருவுல நாலு பேரு காலைலருந்து திண்ணையைத் தேச்சிக்கிட்டு இருக்காக, அவுக சோலியை நான் எதுக்குக் கெடுக்கணும்? நீ மார்க்கைச் சொன்னதும் அதுல ரெண்டு பேருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சுன்னா, நீ நல்லாத்தான் எழுதியிருக்கேன்னு அர்த்தம்.

மார்க்கு முடிஞ்சதும் அடுத்த கேள்வி வரும். "என்ன குரூப்பு எடுக்கப் போற?" நீ வாயைத் திறக்காதே. ஒனக்குப் பதிலா ஒங்க அப்பன் சொல்லுவான். அவன் விட்டா ஒங்க மாமன். மாமனும் விட்டா டீக்கடையில ஓசிப் பேப்பர் படிக்காரே, அவரு. எல்லாரும் சொல்லி வச்சாப்புல ஒரே பதிலுதான்: ஃபர்ஸ்ட் குரூப்பு. ஏன்னு கேட்டுப் பாரேன். "அது ஃபர்ஸ்ட்டுல்லா!"ம்பாக. யாரோ வரிசைக்குப் போட்ட நம்பரை நம்ம ஆளுக மரியாதைன்னு நெனச்சிட்டாக. கணக்குல 40 வாங்கினவனும் ஃபர்ஸ்ட் குரூப்பு கேட்டு ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல நிக்கான், சிபாரிசுக்குக் கவுன்சிலரைக் கூட்டிக்கிட்டு.

எங்க காலத்துல இந்த ரோதனை வேற மாதிரி. பதினொண்ணோட எஸ்.எஸ்.எல்.சி., அதுக்கு மேல வசதி உள்ளவன் காலேஜுல ஒரு வருசம் பி.யூ.சி. 1978ல பிளஸ் ஒன்னை பள்ளிக்கூடத்துக்குள்ளயே கொண்டாந்தாக. அன்னையிலருந்து மீசை அரும்புததுக்கு முன்னயே பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வந்துருது.

எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்கு என்கூட வந்திருக்கேல்ல? ஒரு கெடாக்குட்டி வாங்க ஒங்க அப்பன் எம்புட்டு நேரம் நின்னான்? வாயைப் பிளந்து பல்லைப் பாத்தான், முதுகுல கை வச்சு அமுக்கினான், நடக்கவிட்டுக் காலைப் பாத்தான், வெலை படியலன்னு மூணு தடவை திரும்பிப் போறாப்புல போக்குக் காட்டினான். அந்தக் கெடா தீவாளி வரைக்கும்தான் நம்ம வீட்டுல இருக்கும். நீ காலத்துக்கும் சோறு திங்கப் போற படிப்புக்கு அவன் விசாரிச்சது ஒண்ணே ஒண்ணு: "மேலத்தெருவுக்காரன் மகன் என்ன குரூப்பு?"

சரி, நான் சொல்லுததைக் கேளு. முன்னாலருந்து பாக்காதே, பின்னாலருந்து பாரு. எந்தப் படிப்புல போய்ச் சேரணும்னு தோணுதோ, அங்கன எந்தப் பேப்பரோட மார்க்கை எண்ணுதாகன்னு பாரு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குல கட் ஆஃப் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நுழைவுத்தேர்வை 2007லயே எடுத்துட்டாக, பிளஸ் டூ மார்க்குதான் எல்லாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல நீ 100 வாங்கினாலும் அந்த 200க்குள்ள அது வராது. கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகணும்னு கம்ப்யூட்டர் குரூப்பு எடுத்தவனும், பயாலஜியில 206 எலும்பையும் மனப்பாடம் பண்ணினவனும் கடைசியில ஒரே வரிசையிலதான் நிக்கணும். கம்ப்யூட்டர் குரூப்பு எடுக்காட்டி கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆக முடியாதுன்னு ஒங்க மாமன் சொன்னாகல்ல? மாமனுக்குக் காப்பி குடுத்து அனுப்பி வையி.

நீட்டுக் கதை நேர் எதிரு. மொத்தம் 720, அதுல சரிபாதி 360 உயிரியலுக்கு. இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. கணக்குன்னு ஒரு பேப்பரே கெடையாது. ஆனா தப்பா ஒண்ணைக் கறுப்பாக்கினா ஒரு மார்க்கு கழிச்சிருவாக. நம்ம வீட்டுல எதைக் கேட்டாலும் குத்துமதிப்பா அடிச்சுவிடுத பழக்கம் ஒனக்கு ஒங்க அப்பன் வழியில வந்தது. அது அங்கன ஆகாது.

"கணக்கும் வேணும், பயாலஜியும் வேணும், ரெண்டு கதவும் தொறந்து கெடக்கட்டும்"னு பயோ மேத்ஸை எடுக்கச் சொல்லுதாக. தப்பில்ல. கணக்கு ஒனக்கு ஓடி வரும், ஆனா என்ன ஆகணும்னு இன்னும் பிடிபடலன்னா, அதுதான் நேர்மையான வழி. ஆனா பாதிப் பேரு எடுக்கது அதுக்கில்ல. "டாக்டராக்கணும், கெடைக்கலன்னா இன்ஜினியராக்கணும், அதுவும் இல்லாட்டி என்ன சொல்லுவாக ஊருல" அப்படின்னு அப்பன்மாரு பயந்து எடுக்காக. எங்கிட்டுப் போனாலும் ஒரு பேப்பர் எண்ணிக்கையில வராம நிக்கும், அதையும் ரெண்டு வருசம் சுமந்தாகணும். சுமக்குத தெம்பு இருக்கான்னு ஒன்னைத்தான் கேக்கணும். யாரும் கேக்கல, நானாவது கேக்கேன். இருக்கா?

இனி கணக்குக்குப் பயந்து ஓடுத ஆளுக. இதுல நம்ம பிள்ளைக கெட்டிக்காரத்தனம் இருக்கே, அடடா. கணக்கு வராதுன்னு ப்யூர் சயின்ஸ் எடுப்பான். இயற்பியல் புத்தகத்தைத் தொறந்தா உள்ள காலை நீட்டிப் படுத்திருக்கது யாரு? கணக்கு. "அப்ப காமர்ஸ் போறேன்"ம்பான். போயி, நாலு பேரு சொன்னாகன்னு ஆடிட்டராகணும்னு ஆசைப்படுவான். சி.ஏ. முதல் படியில நாலு பேப்பரு, அதுல ஒண்ணு வணிகக் கணக்கும் புள்ளியியலும். வக்கீலாகணும்னு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் பரிட்சை எழுதினாலும் அங்கனயும் கொஞ்சூண்டு கணக்கு கேக்காக. பத்தாப்புக் கணக்கை மட்டும் ஒழுங்கா உருப்போட்டவன் இது எதுக்கும் அலற மாட்டான்.

காமர்ஸை ஏளனமாப் பேசுதவுகளைப் பாத்தா எனக்குச் சிரிப்பாணியா வருது. அவுக வரவு செலவு நோட்டை சிவகாசியில ஒரு காமர்ஸ்காரன்தான் எழுதுதான், வருமானவரிக்காரன் வந்தா அவன் பின்னால போயித்தான் ஒளியுதாக. கணக்குப்பதிவியல் பிடிச்சவனுக்கு அது நல்ல படிப்பு. சி.ஏ.வுக்கு எந்தக் குரூப்பும் தடையில்ல, அஞ்சு வருசச் சட்டப் படிப்புக்கும் எந்தக் குரூப்பும் தடையில்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. ஃபர்ஸ்ட் குரூப்பு படிச்சவன் மனசு மாறி பி.காம். சேரலாம், காமர்ஸ்காரனுக்கு முந்தி இடம் குடுக்குத காலேஜும் இருக்கும், அதையும் சொல்லிருதேன். காமர்ஸ் படிச்சவன் மனசு மாறி பி.இ.க்கோ டாக்டருக்கோ போக முடியாது. ஒரு பக்கம் மட்டும் தொறக்குத கதவு. மனசு மாறுத ஆளா நீ, இல்லையா? கபடி டீமை எத்தனை தடவை மாத்தியிருக்கேன்னு நெனச்சுப் பாரு.

நீட்டு நீட்டுன்னு ஆலாப் பறக்குத நம்ம ஊருக்காரன் எவனுக்கும் இன்னொரு தாக்கல் தெரியாது. வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளத்துல வேளாண்மைக் கல்லூரி இருக்கு. தூத்துக்குடியில மீன்வளக் கல்லூரி 1977லருந்து இருக்கு. திருநெல்வேலி ராமையன்பட்டியில மாட்டு டாக்டருக்குப் படிக்குத காலேஜு இருக்கு. தமிழ்நாட்டுச் சீட்டுக்கு மூணுக்குமே பிளஸ் டூ மார்க்குதான், நீட்டு இல்ல. மாட்டு டாக்டருக்குப் போகணும்னா பயாலஜி படிச்சிருக்கணும், அவ்வளவுதான். நம்ம வீட்டு மாடு போன பொங்கலுக்குச் செனை பிடிக்கலன்னு டாக்டரு வீட்டு வாசல்ல ஒங்க அப்பன் கையைக் கட்டிக்கிட்டு நின்னானே, அவரு இந்தப் படிப்புதான். "மாட்டு டாக்டரா?"ன்னு மூக்கைச் சுளிக்கதும் அதே ஒங்க அப்பன்தான்.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வாறேன், கிட்ட வா, ஒங்க அப்பனுக்குக் கேக்க வேண்டாம். ஒன்னைக் கவர்மெண்டு பள்ளிக்கூடத்தை விட்டு எடுத்து, ஹாஸ்டலோட இருக்குத பெரிய பள்ளிக்கூடத்துல பிளஸ் ஒன் சேக்கப் போறானாம். கம்மாய்க்கரை நெலத்தை ஒத்திக்கு வச்சாவது பீஸ் கட்டுவானாம். கட்டட்டும். அதுக்கு முன்ன ஒரு கணக்குப் போடச் சொல்லு. ஆறாப்புலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு 2020லருந்து மருத்துவத்துல 7.5 சதவீதம் தனியா ஒதுக்கியிருக்காக. 2021ல அதையே இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு நீட்டிட்டாக. அந்த ஒதுக்கீட்டுல எடம் கெடைச்சா படிப்புச் செலவையும் அரசாங்கமே ஏத்துக்கிடுது. காலேஜு போற பொம்பளப் பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆம்பளப் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபாயும் கெடைக்கு. நீ ஆறாப்புலருந்து பத்து வரைக்கும் கவர்மெண்டுல படிச்சு முடிச்சாச்சு. மிச்சம் ரெண்டே வருசம். அந்த ரெண்டு வருசத்தைத் துட்டு குடுத்து வேற எடத்துல படிச்சா, மேல சொன்ன அம்புட்டும் போச்சு. நெலத்தை ஒத்திக்கு வச்சு, கையில இருக்க சலுகையையும் விட்டுட்டு வாற புத்திசாலியை நம்ம வம்சத்துல இப்பத்தான் பாக்கேன்.

அதே மாதிரிதான் மீடியமும். ஸ்டைலா இருக்கும்னு தமிழ் மீடியத்துலருந்து இங்கிலீஷ் மீடியத்துக்குத் தாவுதவன் இருக்கான். நல்லா வந்தா தாவு, வேண்டாங்கல. ஆனா தமிழ் வழியில படிச்சவுகளுக்கு அரசு வேலையில 20 சதவீதம்னு 2010ல சட்டம் போட்டாக, 2020ல அதைத் திருத்தி, பள்ளிக்கூடத்துலருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும்னு ஆக்கிட்டாக. டி.என்.பி.எஸ்.சி. எழுதுத எண்ணம் இருந்தா இதையும் சேத்து யோசி.

தொழிற்கல்விக் குரூப்பைப் பத்தி யாரும் பேச மாட்டாக, மார்க்கு கொறைஞ்சவனைத் தள்ளுத எடம்னு நெனப்பு. நம்ம கீழ்வீட்டுப் பையன் அப்பன் மோட்டாரைப் பத்து வயசுல பிரிச்சு மாட்டினவன். அவன் ஐ.டி.ஐ.க்கோ பாலிடெக்னிக்குக்கோ போகட்டுமே. பத்தாப்பு முடிச்சதும் மூணு வருசம் டிப்ளமோ, பிடிச்சிருந்தா நேரா பி.இ. ரெண்டாம் வருசத்துல சேந்துக்கலாம். பிளஸ் டூவுல எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல்னு தொழிற்பாடம் படிச்சவனுக்கும் இன்ஜினியரிங்குல தனி ஒதுக்கீடு இருக்கு. அவனை ஃபர்ஸ்ட் குரூப்புல உக்கார வச்சு வகைநுண்கணிதம் சொல்லிக் குடுக்காக. பாவம், அந்த வாத்தியாரு.

ஒங்க அத்தை மக, 500க்கு 480க்கு மேல வாங்கியிருக்கா. அவளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இருக்குத குரூப்புல போட்டுருங்கன்னு ஒங்க அத்தான் சொல்லுதான். பஸ் ஏறிப் போக வேண்டாமாம். அவன் தெனம் பஸ் ஏறிப் போயி சீட்டாடிட்டு வாரான், அதுக்குத் தூரம் இல்ல. அவகிட்டச் சொல்லு, இந்தத் தாத்தா பஸ் ஏறிப் போகுத அந்தப் பள்ளிக்கூடத்துல என்னென்ன குரூப்பு இருக்குன்னு விசாரிச்சு வச்சிருக்கேன், அரசாங்கம் குடுக்குத பஸ் பாஸைப் பத்தியும் விசாரிச்சு வச்சிருக்கேன்.

நீ யாருகூட உக்காருதேங்கதைப் பாத்துக் குரூப்பு எடுக்கப் போறேன்னு எனக்குத் தெரியும்யா. மறைக்காதே. கூட்டாளி எங்கயோ அங்கன நானும்னு நீ சொன்னதை மாடிப்படிக்குக் கீழருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் கூட்டாளி பிளஸ் ஒன்னுல ரெண்டாம் மாசம் வேற கூட்டாளி பிடிச்சிருவான். நீ இயற்பியல்கூடத் தனியா உக்காந்திருப்பே.

அப்புறம் பதினொண்ணுக்குப் பொதுத்தேர்வை 2025-26லருந்து எடுத்துட்டாக. "அப்ப ஒரு வருசம் ஜாலி"ன்னு குதிக்காதே. முன்னால அந்தத் தேர்வு இல்லாதப்ப பல பள்ளிக்கூடம் பதினொண்ணுப் பாடத்தை ஒதுக்கி வச்சுட்டு பன்னெண்டை ரெண்டு வருசம் ஓட்டினாக. அதனாலதான் 2017-18ல தேர்வையே கொண்டாந்தாக. இப்ப எடுத்தாச்சு, பழைய வேலையைத் தொடங்குவாக. ஆனா நீட்டுலயும் ஜே.இ.இ.யிலயும் பதினொண்ணுப் பாடமும் வரும். ஒன் பள்ளிக்கூடத்துல பதினொண்ணை நடத்துதாகளான்னு அங்கன பன்னெண்டு படிக்குத பையன்கிட்டக் கேளு, வாத்தியாரைக் கேக்காதே.

நாளைக்குக் காலைல குளிச்சுட்டு, டி.சி., மார்க்குப் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுக்கிட்டுக் கெளம்பு. ஒங்க அப்பனைக் கூட்டிக்கிட்டுப் போகாதே, பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்கணும்னு நான் அவனைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். கையெழுத்துக்கு என்ன பண்ணன்னு முழிக்காதே. ஒங்க அம்மா கையெழுத்தும் செல்லும், அவளும் எட்டாப்பு படிச்சவதான்.