கூப்பன் இலக்கணம்: மூலமும் உரையும்

துணிக்கடைப் பில்லோடு பின் அடித்துக் கொடுக்கப்படும் பரிசுக் கூப்பனுக்குத் தமிழில் இன்னும் ஓர் இலக்கண நூல் இல்லை. யாப்புக்கு நூல் உண்டு, அணிக்கு உண்டு, பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குக்கூடப் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கம் உண்டு. ஆடி பிறந்து தீபாவளி முடியும்வரை குடும்பங்களின் மாலைப் பொழுதை ஆட்டி வைக்கும் ஒரு துண்டுக் காகிதத்துக்கு மட்டும் மூலமும் இல்லை, உரையும் இல்லை. அக்குறை போக்கவே இந்நூல் எழுந்தது. இதனைக் கேட்டற்கு உரியார் யாரெனின், கையில் கட்டைப்பையும் பைக்குள் பழைய பில்லும் உடையார் என்க. பயன் யாதெனின், ஐந்நூறு ரூபாய்க் கூப்பனால் மெய்யாக எத்தனை ரூபாய் மிஞ்சும் என அறிதல்.

எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரமாக வகுப்பது மரபு. முதலில் எழுத்து. கூப்பனின் முன்பக்கத்தில் ‘ரூ.500’ என்பது கட்டைவிரல் அகலத்துக்கு நிற்கும். அதன் வலது தோளில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். உயிரிலும் மெய்யிலும் சேராத, ஆய்தத்துக்கும் அப்பாற்பட்ட இந்தக் குறிதான் கூப்பனிலேயே அதிகாரம் மிக்க எழுத்து. தானாக ஒலிக்காது, தனக்கு முன்னால் நிற்கும் எண்ணைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். இலக்கணத்தில் ஆய்தம் குறுகும். இங்கே ஆய்தம் போல நிற்பது மற்றதைக் குறுக்கும்.

நட்சத்திரத்தின் விரிவு பின்பக்கத்தில் உள்ளது. வெள்ளெழுத்து வந்தவர் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத அளவில் ஏழெட்டு சூத்திரங்கள். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன். குறைந்தது 1,500 ரூபாய்க்கு வாங்க வேண்டும். தள்ளுபடிப் பொருளுக்குச் செல்லாது. ரொக்கமாக மாற்ற இயலாது. தொலைந்தால் மாற்றுக் கூப்பன் இல்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பதினைந்தாம் தேதி வரை மட்டும். கடைசியாக, நிர்வாகத்தின் முடிவே இறுதியானது. இந்தக் கடைசிச் சூத்திரத்தைப் பயமுறுத்தல் என்பாரும் உளர். அது பொருந்தாது. ஆசிரியன் சொல்லாமல் விட்டதையெல்லாம் தனக்குள் அடக்கிக்கொள்ளும் புறனடைச் சூத்திரம் அது. பழைய இலக்கண நூல்களிலும் இயலின் கடைசியில் இப்படி ஒன்று இருக்கும்.

சொல்லதிகாரத்தை விட்டுவிடலாம். அதைத்தான் தொலைக்காட்சி விளம்பரத்தில் நாளெல்லாம் கேட்கிறோம்.

பொருளதிகாரம்தான் பெரிது. முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், சென்னையில் ரங்கநாதன் தெருவும் உஸ்மான் சாலையும், கோவையில் ஒப்பணக்கார வீதி, மதுரையில் மாசி வீதிகள். பெரும்பொழுது ஆடி. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், கடையில் ஈயாடும், ஆகவே தள்ளுபடி வந்தது. இன்றைக்கு ஆடியில்தான் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. சிறுபொழுது ஞாயிறு மாலை. கருப்பொருள்களில் தெய்வம் கல்லாவுக்கு மேலே சீரியல் விளக்குக்குள் இருக்கும் பிள்ளையார். பறை, ‘சிவப்பு சட்டை போட்ட குழந்தை கிரவுண்ட் ஃப்ளோரில் இருக்கிறது’ என்று அலறும் ஒலிபெருக்கி. உணவு, கடைவாசலில் விற்கும் சோளம்.

இனி உரிப்பொருள். கூப்பன் கையில் வந்து சேர்வது புணர்தல். அது எளிதாக நடந்துவிடுவதில்லை. 3,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் 500 ரூபாய்க் கூப்பன் என்பது கடையின் விதி. நமக்குத் தேவையான துணிகளின் விலை என்றைக்கும் சரியாக 3,000 வராது. 2,640 வரும், 2,710 வரும். நடுவில் உள்ள பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே இத்துறையின் ஆதிக் கேள்வி. கல்லாவுக்குப் பக்கத்து ரேக்கில் கர்ச்சீப், ஜாக்கெட் பிட், உள்பாவாடை, ஃபால்ஸ், லுங்கி, துண்டு என அடுக்கி வைத்திருப்பது தற்செயல் அன்று. பள்ளம் எங்கே விழும் என்று கடைக்காரருக்குத் தெரியும். நிரப்பும் மண்ணையும் அங்கேயே கொட்டி வைத்திருக்கிறார். ஒரு வீட்டில் எத்தனை ஜாக்கெட் பிட்கள் தைக்கப்படாமல் கிடக்கின்றன என்று எண்ணினால், அந்த வீட்டுக்குள் எத்தனை கூப்பன் வந்திருக்கிறது என்று கணித்துவிடலாம். இதற்குக் கர்ச்சீப் தேற்றம் என்று பெயர் சூட்டுகிறோம்.

அடுத்தது இருத்தல். இன்று தந்த கூப்பன் இன்று செல்லாது. அடுத்த மாதம்வரை அது பீரோவில் புடவைக்கு அடியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ, கேஸ் புத்தகத்துக்குள்ளோ காத்திருக்க வேண்டும். பிரிதல் என்பது நாம் கடையிலும் கூப்பன் வீட்டிலும் இருக்கும் நிலை. கெடு முடிந்து மூன்றாம் நாள் பீரோவைத் துடைக்கும்போது அது கையில் கிடைப்பது இரங்கல். இம்மூன்றுக்கும் உரை வேண்டியதில்லை. ஊடலுக்கு வேண்டும். அது கல்லாவில் நிகழ்வது.

“தம்பி, கூப்பன் இருக்கு.”

“அக்கா, பில் ஆயிரத்தஞ்நூறு வரணும். உங்களுக்கு ஆயிரத்து நானூத்தி எம்பதுதான் வருது.”

“இருபது ரூபாதானே? போட்டுக்கப்பா.”

“சிஸ்டம் எடுக்காதுக்கா.”

“அப்ப ஒரு கர்ச்சீப் சேத்துக்க.”

“அது ஆஃபர் ஐட்டம்க்கா. கூப்பன் கணக்குல வராது.”

பின்னால் நிற்கும் வரிசை இருமத் தொடங்கும். இங்கே ‘சிஸ்டம்’ என்றது கணினியை என்பர் ஒரு சாரார். முதலாளியை என்பர் மற்றொரு சாரார். எப்படிக் கொண்டாலும் வாதாட முடியாத ஒன்று என்பதில் இரு சாராரும் உடன்படுகின்றனர்.

இனி கணக்கு. 3,000 ரூபாய்க்கு 500 என்றதும் மனம் ஆறில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட 17 சதவீதம் லாபம் என்று போட்டுவிடும். ஆனால் கூப்பனைச் செலவழிக்க இன்னும் 1,500 ரூபாய்க்குத் துணி எடுக்க வேண்டும். மொத்தம் 4,500 ரூபாய்ச் சரக்கு, கையிலிருந்து போவது 4,000. தள்ளுபடி 11 சதவீதம்தான். அதுவும் எப்போது? இரண்டாம் தடவை 1,500 ரூபாய்க்கு நமக்கு உண்மையிலேயே தேவை இருந்தால். தேவை 600 ரூபாய்க்கு மட்டும் என்றால், அந்த 600 ரூபாய்ச் சரக்குக்காக 1,000 ரூபாய் கொடுக்கிறோம். மீதி 900 ரூபாய்க்கு லுங்கி வருகிறது. முதல் பில்லில் பள்ளம் நிரப்பியதையும் இதோடு கூட்டிக்கொள்க. ஆட்டோக் கூலியைக் கூட்ட வேண்டாம். கூட்டினால் நூலே எழுத முடியாது.

ஆக, கூப்பன் இல்லாவிட்டாலும் அந்தக் கடைக்கு, அந்தத் தேதிக்குள், அவ்வளவுக்கு வாங்கப் போகிறவர் யாரோ அவருக்கே அது போனஸ். மற்ற எல்லோருக்கும் அது கடைக்காரர் கொடுத்த அழைப்பிதழ். மொய்யோடுதான் போக வேண்டும்.

கூப்பன் தனிப்பாடல் என்றால் நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் பெருங்காப்பியம். பதினொரு மாதம் தவணை கட்டினால் பன்னிரண்டாவது தவணையைக் கடை போடும். முன்பெல்லாம் இந்தக் காப்பியங்கள் இன்னும் நீளமாக, பல ஆண்டுகள் ஓடும். 2014இல் நடைமுறைக்கு வந்த நிறுவன வைப்புத்தொகை விதிகள், சரக்குக்காக முன்பணம் வாங்கினால் 365 நாளுக்குள் சரக்கைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் அது டெபாசிட்டாகக் கருதப்படும் என்றன. அதனால்தான் நிறுவனங்களின் திட்டங்கள் பதினொரு மாதத்தில் நிற்கின்றன. ராசி எண் என்று நினைத்துக்கொண்டிருந்தோர் திருத்திக்கொள்க.

மாதம் 5,000 என்றால் நாம் கட்டுவது 55,000, கடை சேர்ப்பது 5,000. பார்வைக்கு 9 சதவீதம். ஆனால் முதல் தவணைதான் பதினொரு மாதம் கடையில் இருக்கிறது; கடைசித் தவணை ஒரே மாதம். அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 18 சதவீதத்தைத் தொடும். எந்த வங்கி கொடுக்கும்? இங்கேதான் உரையாசிரியர் நூலை மூடி வைத்துவிட்டுச் சேதாரத்தைப் பார்க்க வேண்டும். சேதாரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம். 60,000 ரூபாய்க்கு எடுத்த நகையில் தங்கத்தின் விலை சுமார் 52,000. கட்டியதோ 55,000. எப்படியும் மகள் கல்யாணத்துக்கு வளையல் எடுக்க வேண்டியவர் சேதாரத்தை எங்கே போனாலும் கொடுத்தே தீர வேண்டும். அவருக்கு அந்த 5,000 உண்மையான லாபம். முதலீடு என்று நினைத்துச் சேர்ந்தவருக்கு 18 சதவீதம் காதில் விழுந்ததோடு சரி.

இதற்கு மாறாக, 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைக்கு 30 சதவீதம் வரை தள்ளுபடி என்றால் பில்லிலேயே கழித்துவிடுகிறார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்த் தொலைக்க எதுவும் கொடுப்பதில்லை. இலக்கண ஆசிரியனுக்கு அங்கே பிழைப்பு இல்லை.

கூப்பனின் இயல்பு குறித்த தத்துவ விசாரணையும் ஒரு நூலுக்குத் தேவை. அதை அரசாங்கமே செய்து முடித்துவிட்டது. 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 55ஆவது கூட்டம், உப்புப் பாப்கார்னுக்கும் கேரமல் பாப்கார்னுக்கும் வெவ்வேறு வரி என்று விளக்கி நாட்டைச் சிரிக்க வைத்த அதே கூட்டம், வவுச்சர் என்பது சரக்கும் அன்று, சேவையும் அன்று என்று தீர்ப்புச் சொன்னது. பரம்பொருளை இதுவன்று இதுவன்று என்று விலக்கியே உணர்த்துவது வேதாந்திகள் வழக்கம். வரித்துறையும் அந்த நிலையை எட்டியதில் நமக்கு மகிழ்ச்சி. பயன்படுத்தாமல் காலாவதியாகும் வவுச்சருக்கும் வரி கிடையாது என்பது அதே கூட்டத்தின் மறுமைச் சிந்தனை.

காசு கொடுத்து வாங்கும் பரிசு அட்டை வேறு சாதி. வங்கி வெளியிடும் அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் விதி உண்டு: 10,000 ரூபாய்க்கு மேல் கூடாது, தீர்ந்தபின் மறுபடி பணம் ஏற்ற முடியாது, ரொக்கமாக எடுக்க முடியாது, ஆயுள் குறைந்தது ஓராண்டு. தன் கடைக்குள் மட்டும் செல்லும்படி ஒரு கடையே வெளியிடும் அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 2009இல் வந்த சட்டப்படி பரிசு அட்டையின் பணம் ஐந்தாண்டுக்குள் காலாவதி ஆகக் கூடாது. ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் 50 டாலர் அட்டை வாங்கினால் 10 டாலர் போனஸ் என்று கொடுக்கிறார்களே, அந்தப் போனஸ் அட்டைக்கு அந்த ஐந்தாண்டு ஆயுள் கிடையாது. கெடுவைச் சொல்லிவிட்டால் போதும். காசு கொடுத்த அட்டை நெடுநாள் வாழும், சும்மா வந்தது சீக்கிரம் சாகும் என்பது உலகப் பொதுவிதி போலும்.

தேறியவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். செல்போன் செயலியில் 5 சதவீதம் குறைத்து விற்கும் 1,000 ரூபாய் அட்டையை 950க்கு வாங்கி, கடை 10 சதவீதத் தள்ளுபடி போடும் நாளில் கொண்டுபோய் நீட்டுவார்கள். லாபம் 15 சதவீதம் என்று வீட்டில் சொல்வார்கள். அது 14.5தான், தள்ளுபடிக்குப் பின் மிஞ்சிய 900 ரூபாய்க்கு மட்டுமே 5 சதவீதம் கிடைத்தது. அரை சதவீதத்துக்காக அவர்களோடு வாதாட வேண்டாம். இந்நூல் முழுவதிலும் கணக்குத் தெரிந்து விளையாடுபவர்கள் அவர்கள் மட்டுமே. ஆனால் அவர்கள் பொறுமையும் ஓர் அட்டைக்குத்தான். பத்து அட்டை வாங்கி ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது ரூபாய் மிச்சம் விட்டு, அந்த மிச்சங்களைச் சேர்க்க முடியாமல் நிற்கும்போது அவர்களும் இரங்கல் திணைக்கு வந்துவிடுவார்கள்.

மாணாக்கர் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி ஒன்றே. கூப்பனைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்புக. அந்தத் தேதிக்குள், அந்தக் கடையில், அவ்வளவுக்கு வாங்க வேண்டியது ஏற்கெனவே நம் வீட்டுப் பட்டியலில் இருந்தால் பர்ஸில் வைக்க. இல்லையெனில் பின்னால் வரிசையில் நிற்கும் அக்காவிடம் கொடுத்துவிடுக. ஒருவேளை அவர் மகளுக்குக் கல்யாணமாக இருக்கும்.

கடை நிர்வாகங்களுக்கு ஒரு விண்ணப்பம். ரூபாயை அச்சிடும் அதே பெரிய எழுத்தில் கடைசித் தேதியையும் முன்பக்கத்திலேயே அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் அந்த நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள்.