எல்ல வட்டாரத்து ஷொக் சாத்திரம்

ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. தெமோதரையில் ரயில் தன்னையே சுற்றிவரும் அதிசயமும் போதுமான அளவு வியக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே மலைகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் லயத்து வாசல்களில் நடக்கும் ஒரு வேள்வியை அறிஞருலகம் ஏனோ ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழைய காரின் ஷொக் அப்சோபரையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கிவந்த வேறொரு சோடியை, கராஜ் பக்கமே போகாமல் மச்சான்மார் துணையோடு மாட்டும் சடங்கே அது. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

இத்துறைக்கு முதல் நூல் தந்தவர் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ, அதற்கேற்ற பலத்தோடு எதிர்க்கும் என்று 1678-இல் வெளியிட்டார். அவருக்கும் எல்லவுக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டிருந்து தப்பிப்போன ராபர்ட் நொக்ஸ், 1681-இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் இதே ஹூக்தான். ஸ்பிரிங் விதியும் இலங்கை மலைநாடும் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்போர் இக்கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்த ஆசிரியர் மெக்பர்சன். ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் ஒரே தூணாக்கிய அவருடைய அமைப்பு 1950-இல் பிரிட்டனின் போர்ட் கொன்சல் காரில் வந்தது. இன்று நம் லயங்களுக்கு வெளியே நிற்கும் மாருதியும் அல்டோவும் முன்பக்கம் அந்தத் தூணின் மேல்தான் நிற்கின்றன.

நம் வட்டாரத்தில் இச்சாத்திரம் இரு சமயங்களாகப் பிரிந்துகிடக்கிறது. உயர்த்துவோர் தோட்டப் பாதையில் ஓடுகிறவர்கள். நடுவில் துருத்திய கல் எண்ணெய்ச் சட்டியைக் கிழிக்காமலிருக்க, தூணின் தலையில் தடித்த வளையம் வைத்துக் காரைத் தூக்குவார்கள். அளவு மீறினால் கார் மேலே போகும், நிதானம் கீழே போகும். எல்லயிலிருந்து வெல்லவாய இறங்கும் வளைவுகளில் அது தெரியவரும். தாழ்த்துவோர் இளைஞர். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டியெறிந்தால் கார் பதிந்து அழகாக நிற்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சுற்றுக் குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும் என்பதை அவர்களுக்கு ஹூக் சொல்வதில்லை, முதுகெலும்பு சொல்கிறது. இடையில் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் செருகும் சமரசவாதிகளும் உண்டு. இரு தரப்பும் அவர்களை மதிப்பதில்லை, நானும் மதிப்பதில்லை.

இனிச் சடங்கு. முதல் நாள் மழையில் வாசல் ஊறியிருக்கும். ஜக்கை வைத்துச் சுற்றச் சுற்றக் கார் ஏறாது, ஜக்தான் மண்ணுக்குள் இறங்கும். அதனடியில் டர்பன்டைன் பலகை ஒன்று போடப்படும். பின்சக்கரத்துக்கு முட்டுக்கல் வைக்கப் பெரியவர் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கும். தூணின் அடிப் போல்ட்டைக் கழற்றியதும் சக்கரத் தலைப்பு சாய்ந்து பிரேக் ஹோஸில் தொங்கும். கம்பியால் மேலே இழுத்துக் கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. உச்சகட்டம் அதற்குப் பின்னர்தான்: தூணுக்குள் நெருக்குண்ட ஸ்பிரிங். அதை அமுக்கிப் பிடிக்கத் தனிக் கருவி இருக்கிறது. நம் அறிஞர்களோ மாட்டுக்கயிற்றை நாடுவார்கள். தலை நட்டைக் கழற்றும் கணத்தில் கயிறு நழுவினால், ஸ்பிரிங் எதிரேயுள்ள தாடையைத் தேடிப் போகும். விளையாட்டாக எழுதும் கட்டுரையிலும் இவ்வொரு வரியை விளையாட்டாக எடுக்க வேண்டாம்: கருவி இல்லையென்றால் தூணைக் கையில் எடுத்துக்கொண்டு பண்டாரவளை கராஜுக்கு பஸ் ஏறுங்கள்.

மூலம் இருந்தால் உரை இல்லாமலா? இஸ்தோப்பில் அமர்ந்து பிளேன்டீ குடிக்கும் உரையாசிரியர்களில் தலையாயவர், ஒருகாலத்தில் கொழுந்து லொறி ஓட்டிய மாமா. “தம்பி, கீழ்க்கை நட்ட இப்பவே இறுக்காத. கார் நெலத்துல நிக்கட்டும், அப்புறம் இறுக்கு.” படித்த மருமகன் சிரிப்பான். மாமா சொன்னதே சரி. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிபட்டு, கார் இறங்கியதும் முறுகி, சீக்கிரமே கிழிந்துபோகும்.

ஏன் இத்தனை பாடு? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திறந்தது. கையிலிருந்த பழசைத்தான் சாகாமல் காக்க வேண்டியிருந்தது. இது சிறு காரணம். பெரிய காரணம் பாதை. தோட்டப் பாதை கம்பனியுடையதா, சபையுடையதா என்ற வழக்கு எங்கள் ஊரில் பிறந்த எல்லோரையும்விட மூத்தது. 1987-இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டத்துக்குள் வராமல் முட்டுக்கட்டை போட்டது. 2018-இல் அதைத் திருத்தி வழி திறந்தார்கள். சட்டத்தில் திறந்த வழிக்கு இன்னும் தார் வரவில்லை. அரசு செய்ய வேண்டிய செப்பனிடலை ஆளுக்கு நான்கு ஷொக் வீதம் மக்களே செய்துகொள்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் முடிபு.

ஆகவே பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாழ்த்துவோரிடம் ஒரு காரை இரவல் வாங்கி, எங்கள் தோட்டத்துப் பாதையில் கடைசி லயம்வரை வந்துவிட்டுப் போங்கள்.