உராய்வு சாஸ்திரம்

கல்லூரியில் இப்போது சிந்திப்பதற்கும் தனிப் பாடம் வந்துவிட்டது. இரண்டு கிரெடிட். வாரத்துக்கு ஒரு ஹவர். மற்ற ஹவரில் சிந்திக்க வேண்டியதில்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020 திரும்பத் திரும்ப ஓதும் மந்திரங்களில் ஒன்று விமர்சனச் சிந்தனை. டெல்லியின் அந்தக் கொள்கையைச் சென்னை ஏற்கவில்லை. மொழியில் சண்டை. நிதியில் சண்டை. நுழைவுத் தேர்வில் சண்டை. பிள்ளைகள் யோசிக்க வேண்டும் என்பதில் மட்டும் சண்டையே இல்லை. அது நடக்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

தேர்வு வைக்கும் அழகு தனி. வாதத்தை எடை போடு, ஆதாரத்தைச் சோதி, முடிவைச் சந்தேகி என்று செமஸ்டர் முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் நான்கு விடை கொடுத்து, சரியானதைக் கறுப்பாக்கு என்பார்கள். ஓ.எம்.ஆர். தாளில் ‘ஏன்’ என்பதற்கு வட்டம் கிடையாது.

பிளஸ் டூ தேர்ச்சியில் ஆண்டுக்கணக்கில் மாநில முதலிடத்தைக் கையில் வைத்திருந்த மாவட்டம் விருதுநகர். கந்தக பூமியில் வெந்துகொண்டே படித்த அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. கேலி அவர்களைப் பழக்கியவர்கள் மேல்தான். சொன்னதைச் சொன்னபடி எழுதினால் முழு மார்க் என்று 12 வருஷம் பழக்கினார்கள். பதின்மூன்றாம் வருஷம் திடீரென்று, சொன்னதையெல்லாம் சந்தேகப்படு என்கிறார்கள். பிள்ளை சமர்த்து. சந்தேகப்பட வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்துவிடுகிறது.

பாடத்தில் வரும் உதாரணங்களோ கப்பலேறி வந்தவை. அமெரிக்க செனட்டர் பேசிய பேச்சில் என்ன பிழை? அன்னமெல்லாம் வெள்ளையா? சாக்ரடீஸ் மனிதர், மனிதர் எல்லோரும் சாவார்கள், ஆகவே சாக்ரடீஸ் சாவார். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டாக வகுப்புக்கு வகுப்பு செத்துக்கொண்டிருக்கிறார் அந்த மனுஷர். 2024 மே 9 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் செங்கமலப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் செத்தவர்கள் எந்தப் பாடத்திலும் வரவில்லை. இந்த வட்டாரத்து வகுப்பறையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம்.

நம்மிடம் தர்க்கம் இல்லாமலா போயிற்று? மணிமேகலையின் 29ஆம் காதையில் பெரும்பகுதி தர்க்கப் பாடம். வாத்தியார் அறவண அடிகள். படிக்க வந்தவள் ஒரு பெண். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம், அதாவது கூற்று, காரணம், உதாரணம், பொருத்தம், முடிவு என்று வாதத்தை ஐந்து உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறார் அடிகள். அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணமும் நெருப்புதான். இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. அதோடு விடவில்லை. போலி வாதங்களையும் எண்ணி வைத்திருக்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஆக மொத்தம் 33 வகைப் பித்தலாட்டம். மணிமேகலை அத்தனையையும் கேட்டுத் தெளிந்தாள். நம் பிள்ளைகளுக்கு அது இரண்டு மதிப்பெண் குறுவினா.

ஆனால் முப்பத்து நான்காவது போலி ஒன்று இருக்கிறது. அடிகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அதன் பெயர் உராய்வு.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று எந்தப் பக்கம் ஆலை வெடித்தாலும் மறுநாள் பேப்பரில் அதே வரி. மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக. தீர்ந்தது. உராய்வுதான் குற்றவாளி. அதற்கு விலாசம் கிடையாது. முன்ஜாமீன் தேவையில்லை. அமைச்சரோடு அது போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. இப்படியொரு சௌகரியமான குற்றவாளி எந்த மாவட்டத்துக்கு வாய்க்கும்?

உராய்வு பொய் என்று சொல்லவில்லை. மருந்து உராய்ந்தால் வெடிக்கும். அதற்காகத்தானே விதி எழுதினார்கள்? ஓர் அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது. அப்படியானால் ஓர் அறை வெடித்து எட்டுப் பேர், பத்துப் பேர் எப்படிச் சாகிறார்கள்? பக்கத்து அறைக்கும் தீ பரவியது என்பார்கள். பரவக் கூடாது என்றுதானே அறைக்கு அறை இடைவெளி விடச் சொல்கிறது சட்டம்? அந்த இடைவெளியில் என்ன இருந்தது? மரம். மரத்தடியில் யார் இருந்தார்கள்? பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள். அறைக்குள் வெக்கை, வெளியே நிழல். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத அலுமினியப் பொடி விரல் இடுக்கில் வெள்ளியாக மினுங்கும். அவர்களை அங்கே உட்காரவைத்தது யார்? இந்தக் கேள்விக்கு முன்னால் அறிக்கை நின்றுவிடும். அதன் பெயர் பூர்வாங்க விசாரணை. உத்தர விசாரணையை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 உயிர். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் முந்தைய நாளே நிறுத்திவைக்கப்பட்டதாகப் பிறகு சொன்னார்கள். இதை அடிகள் முறையில் எழுதிப் பாருங்கள். உரிமம் இல்லை, ஆகவே ஆலை ஓடவில்லை. ஆலை ஓடவில்லை, ஆகவே உள்ளே ஆள் இல்லை. ஆள் இல்லை, ஆகவே சாவு இல்லை. பைலில் ஒரு பிழை சொல்ல முடியாது. பிணவறையில்தான் நிகமனம் இடித்தது.

2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல் போனார்கள். ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது அப்புறம் ‘தெரியவந்தது’. டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்தது அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு வெடி வெடிக்க வேண்டும். மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிவாரண நிதி 2 லட்சம். ஆழ்ந்த இரங்கல் இலவசம்.

நீதிமன்றத்தையும் பார்த்துவிடலாம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்றது. தமிழக அரசு அந்த இரண்டு மணி நேரத்தைக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பங்கு பிரித்தது. நுரையீரலுக்கு நடுவில் ரெஸ்ட். சரவெடி அன்றோடு ஒழிந்தது. தீபாவளிக்கு உங்கள் தெருவில் கேட்பது மனப்பிராந்தி.

ஊர்ப் பெரியவர்களிடமும் வாதம் உண்டு. பஸ் மோதிச் சாகலையா, அதுக்காக பஸ்ஸை நிறுத்திருவோமா? நிறுத்த மாட்டோம் அண்ணாச்சி. ஆனால் லைசென்ஸ் ரத்தான பஸ்ஸை உள்குத்தகைக்கு விட்டு, ஒரு சீட்டில் ஆறு பேரை உட்காரவைத்து ஓட்ட மாட்டோம். அடுத்த வாதம் லட்சக்கணக்கானோர் வாழ்வாதாரம். உண்மைதான். பிழைப்பா, உயிரா, இரண்டில் ஒன்றைத் தொடு என்கிறீர்கள். இரண்டும் வேண்டும் என்பது மட்டும் உங்கள் வினாத்தாளில் இல்லை.

இந்த வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் கொடுத்த பணத்தில் எழுந்த கல்லூரிகள் உண்டு. நல்ல காரியம். கூலிக்காரர் வீட்டுப் பெண் பட்டம் வாங்கியதில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு, மறுப்பவன் நன்றிகெட்டவன். அந்தப் பெண்தான் இப்போது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து செனட்டரின் பிழையைத் தேடுகிறாள். காலையில் அவள் அம்மா ஆலை வேனில் ஏறியாயிற்று. ‘மேடம், உராய்வுங்கிறது ஏதுவா, ஏதுப்போலியா?’ என்று அவள் எழுந்து கேட்டால் என்ன ஆகும்? மேடத்துக்குப் பதில் தெரியும். மேடம் தொகுப்பூதியம். ஆகவே, ‘சிலபஸ்ல இருக்கிறதைக் கேளும்மா.’ நிர்ப்பந்தம் வேறு, நிகமனம் வேறு என்று அன்றைக்கு அந்தப் பெண் கற்றுக்கொள்வாள். இரண்டு கிரெடிட்டுக்குப் பெறுமானம் அதுதான்.

அரசுக்கு ஒரு சிக்கன யோசனை. விபத்துக்கு விபத்து புதிதாக அறிக்கை எழுதி அதிகாரிகளை வதைக்க வேண்டாம். படிவமாகவே அடித்து வைத்துக்கொள்ளலாம். கோடிட்ட இடத்தில் ஊர், தேதி, தலைக்கணக்கு. மற்றதெல்லாம் அச்சில்: உராய்வு காரணமாக, போர்மேன் கைது, உரிமையாளருக்கு வலை, உரிமம் ரத்து, ஆழ்ந்த இரங்கல். வெளியூருக்கு அலைய வேண்டாம், நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கும் ஊர் சிவகாசி. ஆயிரத்துக்கு மேல் ஆர்டர் கொடுத்தால் ரேட் குறைப்பார்கள். குறைத்து அடிக்காதீர்கள். பத்தாது.