அப்போதே பார்த்தவர்

டெட்ராய்டில் ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை யாரிடமாவது ராக் இசை என்று வாயைத் திறந்து பாருங்கள். 1997 கோடையில் அவர் கோல்ட் டாலரில் இருந்திருப்பார். காஸ் அவென்யூவில் இருந்த சின்ன மதுக்கடை அது. ‘தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்’ குழு முதன்முதலாக மேடையேறிய இடம். ஜாக் ஒயிட் கிட்டார், மெக் ஒயிட் டிரம்ஸ், மூன்றாவது ஆள் கிடையாது. அன்று அங்கே இருந்ததாகச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் நிஜமாகவே வந்திருந்தால் பேஸ்பால் மைதானத்தைத்தான் வாடகைக்குப் பிடித்திருக்க வேண்டும்.

கோல்ட் டாலர் 2001-இல் மூடப்பட்டது. கட்டடமும் பின்னாளில் தீக்கிரையானது. ஆகவே சாட்சி சொல்லச் சுவர்கூட இல்லை. அவருக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள்.

இவரை நேரில் பார்க்க வேண்டுமானால், வளர்ந்துவரும் இருவர் குழு ஏதாவது வாசிக்கும் இரவில் டெட்ராய்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக் பக்கம் ஒரு சின்ன கிளப்புக்குப் போக வேண்டும். புளி அடைத்த ஜாடி மாதிரி கூட்டம். யாருடைய பீர் யாருடைய சட்டையில் என்று தெரியாது. மேடை முழங்கால் உயரம்தான். அதன் மேல் ஒரு பையன் கிட்டாரோடு, ஒரு பெண் டிரம்ஸோடு. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாததால், பையன் காலடியில் ஒரு பெடலை மிதித்துக் கிட்டாரின் குரலையே ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, இரண்டு ஆம்ப்ளிஃபயரில் அலறவிடுவான். இரண்டே பேர் எழுப்பும் இந்தச் சத்தத்தில் விலா எலும்பு தனியாகத் தாளம் போடும்.

நம்மவர் முன்வரிசையில் இருக்க மாட்டார், அங்கே குதிக்க வேண்டும். ஒலிக் கலவை மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒலி ஒழுங்காகக் கேட்பது அங்கேதான் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார். தலை மட்டும் அரை அங்குலம் ஆடும். ஒரு அங்குலம் ஆடினால் அந்தக் குழு பிழைத்தது. கறுப்பு டி-ஷர்ட்டில் யாருக்கும் தெரியாத ஒரு குழுவின் பெயர் இருக்கும். தப்பித் தவறி யாராவது அதை அடையாளம் கண்டுகொண்டால், மறுநாள் முதல் அந்தச் சட்டை கார் துடைக்கப் போய்விடும்.

வாசலில் காதடைப்பான் கொடுத்தால் வாங்க மாட்டார். 100 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் இவருடைய காதுகள் போன நூற்றாண்டிலேயே ஓய்வுபெற்றிருக்க வேண்டும். அதில் ஒரு லாபமும் உண்டு: வேண்டாத கேள்விகள் கேட்காது.

ஒரு குழு மேல் இவர் வைக்கும் பாசம் கூட்டத்தைப் பார்த்துக் கரையும். இருபது பேர் வந்தால் பக்தர். இருநூறு பேர் வந்தால் முகம் சுண்டும். ‘டிக்கெட் தீர்ந்துவிட்டது’ என்ற அட்டை வாசலில் தொங்கினால் துக்க வீட்டுக்குள் நுழைகிறவர் மாதிரி வருவார். 2006 உலகக் கோப்பையில் இத்தாலிய ரசிகர்கள் ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘செவன் நேஷன் ஆர்மி’ பாட்டின் மெட்டை மைதானம் அதிர முழங்கினார்களே, அன்றைக்கு யாரோ தன் வீட்டுப் பித்தளைக் குடத்தைத் தூக்கிப்போனதுபோல் அவருக்கு ஆகிவிட்டது.

ஜாக்கும் மெக்கும் தங்களை அக்கா தம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1996-இல் கல்யாணம் செய்து 2000-இல் மணவிலக்குப் பெற்றவர்கள் என்ற சேதி பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இவருக்கு மட்டும் முன்பே தெரியும். மெக் சிம்பலை அடித்த அடியிலேயே தெரிந்துவிட்டதாம்.

போன முறை அவர் பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நம்மவர் ஆரம்பித்தார்.

“இதெல்லாம் என்ன சத்தம்! கோல்ட் டாலர்ல நான் மூணடி தூரத்துல நின்னேன்.”

“அப்படியா! என்ன பாட்டு வாசிச்சாங்க?”

“செவன் நேஷன் ஆர்மி. கூரை பறந்துடுச்சு.”

அந்தப் பெண் பாவம், விஷயம் தெரிந்தவள். “அது 2003-ல வந்த பாட்டாச்சே? அந்த மெட்டே 2002-ல மெல்போர்ன்ல ஒரு சவுண்ட் செக்லதான் பிறந்ததுன்னு சொல்வாங்க. கோல்ட் டாலர் அதுக்கு முன்னாடியே மூடியாச்சே?”

நம்மவர் காதைக் கைகுவித்துக் காட்டினார். கேட்கவில்லையாம். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். கிளப்பில் பாதிப் பேருக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது.

“சரிம்மா,” என்றார் நிதானமாக. “ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எங்கேயாவது வாசிச்சுப் பார்த்திருக்க மாட்டாங்களா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கு அவர் மேல் மரியாதை பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர்தான் முதல் ஆளாக விற்பனை மேசைக்குப் போனார். ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றை வாங்கி, உறையை டிரம்ஸ் வாசித்த பெண்ணிடம் நீட்டினார். வியர்வை வழிய அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே தேதியும் வேண்டுமென்றார். போட்டாள். உறையைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இன்னொரு இசைத்தட்டையும் வாங்கி அவள் பக்கம் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இதுல போன வருஷத்துத் தேதி போட முடியுமா?”