அட்டையில ஓடுத காரு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. அம்பது அட்டை வாங்க சீமைக்குப் பணம் அனுப்பியிருக்கியாமே? அனுப்புலே, தப்பே இல்ல. வாசல்ல நிக்க ஸ்கூட்டருக்கே தவணை முடியல. டப்பாக்குள்ளயாவது அம்பது காரு நிக்கட்டும். பெட்ரோல் செலவு மிச்சம் பாரு.

நீதான என் காதுல ஓதுன? 1968ல புரூக் பாண்ட்காரன் மோட்டார் காரோட வரலாறுன்னு அம்பது பட அட்டை அடிச்சு, இங்கிலாந்துல டீத்தூள் பொட்டலத்துக்குள்ள போட்டான். 1954லயே குருவிப் படம் போட்டு ருசி காட்டுன கம்பெனி அது. எந்தப் பொட்டலத்துல எந்தக் காருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நாப்பத்தொம்பது சேத்த புள்ளைக்கு மிச்சம் ஒண்ணு கெடைக்கணும்னா ஆத்தாக்காரி விடிய விடிய டீ குடிக்கணும். அந்தத் தூள்ல நம்ம சனம் சிலோன் மலையில கிள்ளுன கொழுந்தும் கெடந்திருக்கும். கிள்ளுனவளுக்குக் கூலி, குடிச்சவ மவனுக்குக் காரு!

சிகரெட்டுக்காரன் இவனுக்கும் மூத்தவன். பொட்டலம் நசுங்காம இருக்க வெறும் அட்டை சொருகுனான், பெறவு அதுல படத்த ஏத்திட்டான். 1936ல ஜான் பிளேயர் கம்பெனியும் அம்பது காரு விட்டுச்சு. அப்பன் இருமுனான், மவன் காரு சேத்தான். 1940ல, சண்டைக்காலத்துக் காகிதப் பஞ்சத்துல அந்த அட்டையெல்லாம் நின்னுபோச்சு.

இப்ப விசயத்துக்கு வாரேன். டீக்காரன் ஒட்டி வைக்க ஆல்பமும் தனியா வித்தாம்லா? சொன்ன பேச்சு கேட்ட புள்ள பசை தடவி வரிசையா ஒட்டுச்சு. கேக்காத கழுத தகர டப்பாவுல போட்டுட்டு வெளையாடப் போயிட்டு. இன்னிக்கு எவன் அட்டைக்கு வெல கூட? டப்பாக்காரனுக்குத்தான்! ஒட்டுனதுக்கு மதிப்புக் கொறச்சல். இத உன் மவன் காதுல மட்டும் போட்டுராத.

மாட்டுக்குப் பல்லப் பாக்க மாதிரி அட்டைக்கு முதுகப் பாத்து வாங்கு. சில வரிசைய அந்தக் கம்பெனியே பெறவு மறுக்கா அடிச்சிருக்கு. முதல்ல அடிச்சதுக்கு முதுகு எழுத்து நீலம், மறுக்கா அடிச்சதுக்குக் கருப்பு. மூலை மழுங்கியிருக்கா, பசைக்கறை இருக்கான்னும் தடவிப் பாரு. இவ்வளவும் பாத்த பெறவு நேரம் கெடந்தா, முன்பக்கம் திருப்பிக் காரையும் பாத்துக்கோ.

வார்ட்டன் டைகர்னு ஒரு வெள்ளக்காரரு, சண்டைக்காலத்துல ரகசிய வேலை பாத்தவரு, பத்து லட்சத்துக்கும் மேல அட்டை சேத்து, கடைசியில பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதி வச்சுட்டாரு. நீயும் இப்பவே ஒரு மியூசியத்தப் பேசி வச்சுக்கோ. உன் மவன் எடைக்குப் போடுததுக்கு முந்தி.

வெலைய மட்டும் பொண்டாட்டிகிட்ட சொல்லிராதலே. கேட்டா, "டீத்தூளோட சும்மா வந்துச்சு"ன்னு சொல்லு. அதுல பொய் என்ன இருக்கு? 1968ல அப்படித்தான வந்துச்சு!