ஆய்வு அன்று மட்டும் திறக்கப்படும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டு என்று ஊரே பெருமைப்பட்டது. அலிகார் சரக்கு மலிவாக வந்து இறங்கியதில் பட்டறைகள் படுத்துவிட்டன என்று இப்போது புலம்புகிறார்கள். புலம்ப வேண்டாம். பூட்டுக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் இருக்கிறார்: அரசாங்கம். சக்கர நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகையைப் பாருங்கள். கீழே கதவு, கதவில் பூட்டு. (அதுவும் அலிகார் பூட்டாக இருந்துவிட்டால் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வரும்.)

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும். உரையாடல் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

"அண்ணே, இந்தக் கதவுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"அது இன்னொருத்தர் கையில இருக்கும். டீ குடிக்கப் போயிருக்காப்ல."

"எப்ப வருவாரு?"

"வந்துருவாப்ல. அவசரமா?"

அவசரமா என்று கேட்கிறார். கழிப்பறை வாசலில் நிற்பவனிடம்.

தப்பித்தவறித் திறந்துவிட்டால், உள்ளே நமக்கு முன்னால் குடியேறியவர்கள் இருப்பார்கள்: விளக்குமாறு, பினாயில் கேன், கால் உடைந்த நாற்காலி, போன தேர்தலின் வாக்குச்சாவடி அட்டைகள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய அறையில் கால் உடைந்த நாற்காலிக்கு இடம் கிடைத்துவிட்டது. காலில்லாத மனிதனுக்குக் கிடைக்கவில்லை. பூட்டி வைப்பதற்குக் காரணமும் சொல்வார்கள்: "திறந்து விட்டா அசிங்கம் பண்ணிருவாங்க சார். ஆய்வுக்கு வர்றப்ப பளிச்சுன்னு இருக்கணும்ல." ஒரு ஆள்கூடப் போகாத கழிப்பறையைவிடச் சுத்தமான கழிப்பறை உலகத்தில் ஏது?

வாசலுக்குப் போகும் சாய்தளத்தையும் சொல்ல வேண்டும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. நம் ஒப்பந்தக்காரர் நான்கு அடியில் முடித்துக் கொடுப்பார். அதில் சக்கர நாற்காலி ஏறாது, பைக் ஏறும். ஏறி அங்கேயே நிற்கும். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி இடம் வேண்டும், கதவு மூன்றடி திறக்க வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்தில் மட்டும் மிகச் சரியாக இருக்கும். பழனி மலை உச்சிக்கு விஞ்ச் வைத்து, ரோப்கார் கட்டி ஆளைத் தூக்கத் தெரிந்த மாவட்டத்துக்கு ஒன்றரை அடிப் படிக்கட்டு மட்டும் இமயமலை.

நத்தத்திலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ திங்கட்கிழமை மனுக் கொடுக்க வருகிறவர் ஞாயிறு ராத்திரியே தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைத்துவிடுகிறார். திங்கள் காலை காப்பி கிடையாது. தூக்கி ஏற்றி இறக்கும் பஸ், பிறகு ஆட்டோ, பிறகு வரிசை, அத்தனையும் வறண்ட தொண்டையோடு. தண்டுவடம் அடிபட்ட உடம்பில் இது சிறுநீர்ப் பாதைத் தொற்றாக ஆரம்பித்துச் சிறுநீரகம் வரை போகும். டியூப் போட்டுச் சிறுநீர் எடுப்பவருக்குக் கை எட்டும் உயரத்தில் ஒரு குழாயும் சோப்பும் வேண்டும். மனுவின் மேல் "பரிசீலிக்கவும்" என்று பச்சை மையில் எழுதித் தருவார்கள். அந்த மைக்கும் தண்ணீர் வேண்டும். மனிதன் மட்டும் தண்ணீரில்லாமல் வர வேண்டும்.

உடன் வருபவரின் கதை இன்னும் மோசம், அதைப் பேசவே ஆளில்லை. அம்மாவுக்கு அறுபது வயது, மகனுக்கு முப்பது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். ஆண்கள் பக்கம் அம்மா நுழைந்தால் முறைக்கிறார்கள். பெண்கள் பக்கம் மகனைத் தள்ளிக்கொண்டு போனால் கத்துகிறார்கள். மூன்றாவது கதவில் பூட்டு. டயபர் மாற்றியாக வேண்டும். பஸ் ஸ்டாண்டின் பின்சுவர் ஓரம் பழைய சேலையை விரித்து, தன்னைவிடக் கனமான மகனை இழுத்துப் படுக்கவைத்து, முன்பின் தெரியாத இரண்டு பெண்களிடம் துண்டைப் பிடிக்கச் சொல்லி மறைத்துக்கொண்டு அந்தத் தாய் வேலையை முடிக்கிறாள். மறைப்பு மகனுக்கு. மானம் போவது யாருக்கு என்று ஆய்வுக் குறிப்பில் எழுத இடம் விட்டிருக்கிறார்களா?

இங்கிலாந்திலும் இதே தாய்மார் இருந்தார்கள். கழிப்பறைத் தரையில் வளர்ந்த பிள்ளையைக் கிடத்திச் சலித்துப்போனவர்கள் 2006-லிருந்து 'சேஞ்சிங் பிளேசஸ்' என்ற பெயரில் சத்தம் போட்டார்கள். பெரியவர்கள் படுக்கும் அளவுக்கு உயரம் கூட்டிக் குறைக்கும் பலகை, ஆளைத் தூக்கி வைக்கும் கருவி, இரண்டு துணையாட்கள் நிற்க இடம், மொத்தம் 12 சதுர மீட்டர். 2021 ஜனவரியிலிருந்து புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் இது கட்டாயம். நம் கணக்கில் சுமார் 130 சதுர அடி. பஸ் ஸ்டாண்டில் ஒரு பரோட்டாக் கடைக்கு ஏலம் விடுகிற இடம்.

இங்கே சட்டம் இல்லையா? சட்டத்துக்கா பஞ்சம்! 1995-லேயே மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தது: சக்கர நாற்காலிக்கு ஏற்பக் கழிப்பறையை மாற்று, ஆனால் உன் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. அந்த 'ஆனால்' இருபது வருடம் சோறு போட்டது. 2016 சட்டம் கெடு வைத்தது: விதிகள் வந்து ஐந்து வருடத்துக்குள் இருக்கிற பொதுக் கட்டடமெல்லாம் மாற வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனில் காலண்டரைக் கிழித்தார்கள். பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி இதே உரிமையைக் கேட்டு 2005-இல் உச்ச நீதிமன்றப் படியேறியவர். 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்பு. 2024 நவம்பர் 8-இல் இன்னொன்று. சட்டம் "கட்டு" என்கிறது, 2017 விதிகளில் 15-ஆம் விதியோ "கட்டினால் நல்லது" என்கிற மாதிரி இருக்கிறது, இது செல்லாது, கட்டாய விதியை மூன்று மாதத்தில் கொண்டு வா என்றது நீதிமன்றம். பத்தொன்பது வருடம் காத்திருந்தவருக்கு மூன்று மாதம் பெரிதில்லைதான். கோப்புக்கு அது ஒரு தூக்கம்.

சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் ஐந்து லட்சம் வரை. இந்த மாவட்டத்தில் கழிப்பறைக் கதவைப் பூட்டியதற்காக அந்த அபராதத்தைக் கட்டிய அதிகாரி யாராவது இருந்தால் ரசீதோடு வாருங்கள். சீரகச் சம்பா பிரியாணி என் செலவு. என் பணம் பத்திரமாக இருக்கும் என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.

2025 ஏப்ரலில் நல்ல காரியம் ஒன்றும் நடந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. வரவேற்கிறேன். மாலை, சால்வை, புகைப்படம் எல்லாம் இருக்கும். கூட்டத்தின் நடுவில் எல்லா உறுப்பினருக்கும் டீ வரும். மாற்றுத்திறனாளி உறுப்பினர் அந்த டீயைக் குடிக்கலாமா, கூடாதா என்று அந்தந்த ஊர் ஆணையர்கள் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.