தெருவுக்கடியில ஒரு புழுங்கல் மில்லு

ஏண்டா பேராண்டி, நியூயார்க்குல தெருவுக்கு நடுவுல புகை வருதுன்னு செல்போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறியே, அது புகையில்லடா. ஆவி. அதுவும் எல்லாம் குழாய் ஓட்டை வழியா வர்றதில்ல. மழைத்தண்ணி கசிஞ்சு சூடான குழாய் மேல பட்டாலும் அப்படித்தான் கிளம்பும். சினிமாக்காரனுவ அதுக்குள்ள கதாநாயகனை நடக்க விட்டானுவ. நீ வாயைப் பொளந்துட்டே.

அடியில என்னா இருக்கு? ஒரு மூலையில பாய்லர். அங்கேருந்து மண்ணுக்குள்ள குழாய். ஆவி கட்டடம் கட்டடமாப் போயி அறையைச் சூடாக்குது. இதுக்கு அமெரிக்கா போவணுமா? கீவளூர்ப் பக்கம் எந்தப் புழுங்கல் மில்லுலயாவது நுழைஞ்சிருக்கியா? எங்க நுழைஞ்சே, உனக்கு அரிசி சாக்கு மூட்டையில காய்க்குது.

மில்லுல நெல்லைத் தொட்டியில ஊற வைப்பாங்க. பாய்லருக்கு அந்த நெல்லோட உமியே வெறகு. ஆவி விடுறதுக்கு முன்னாடி மில்லுக்காரரு கீழ் வால்வைத் திறப்பாரு. குழாய்ல தேங்கி நின்ன தண்ணி வடியும். அப்புறம்தான் மேல் வால்வு. உஸ்ஸுன்னு ஆவி பூந்து, மேல்நெல்லு லேசா வாயைப் பொளந்தா, ‘போதும், மூடு’ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான் படிப்பு.

வெந்நியையே விட்டா என்னன்னு கேப்பே. கேளு. நம்ம ஊரு ஒரு கிலோ தண்ணியைக் கொதி வரைக்கும் ஏத்த 70 கிலோகலோரி. அதையே ஆவியாக்க இன்னும் 540. அம்மாம் சூட்டையும் ஆவி மடியில கட்டிக்கிட்டுப் போவும். எங்க குளிருதோ அங்க அவுத்துப் போடும். தள்ளி விட மோட்டாரும் வேணாம், தன் அழுத்தத்துலயே மாடி ஏறிடும்.

பேர்ட்சில் ஹாலின்னு ஒருத்தரு 1877-ல லாக்போர்ட்டுங்கிற ஊருல இப்படிக் குழாய் பொதைச்சாரு. 1882-ல நியூயார்க் புடிச்சுக்கிச்சு. இன்னிக்கு அங்க 105 மைலு குழாய். நாகப்பட்டினத்துலேருந்து போட்டா திருச்சியைத் தாண்டும். எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கும் அந்த ஆவிதான். வீட்டுக்கு வீடு கரி அடுப்பு, பொகைபோக்கி எல்லாம் மிச்சம். ஒண்ணு மட்டும் எனக்குப் பொறுக்கல. ஆவி ஆறித் தண்ணியானா அதைச் சாக்கடையில விட்டுடறானுவ. கடைமடைக்குக் காவேரி எப்ப வரும்னு வாய்க்கா கரையில குந்தியிருக்கவனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

அவனுவளும் தடுக்கி விழுந்தவனுவதான். 2007 ஜூலை 18, நியூயார்க்குல லெக்சிங்டன் அவென்யூங்கிற தெரு. 1924-ல போட்ட குழாய். அன்னிக்கு நல்ல மழை, குழாய் மேல தண்ணி சூழ்ந்து உள்ள ஆவி தண்ணியாயிடுச்சு. அதை வடிச்சு விடற பொறியில, எப்பவோ ஒழுக்கு அடைக்கப் பூசுன பிசின் போயி அடைச்சுக்கிட்டிருந்திச்சு. தேங்குன தண்ணியும் ஆவியும் மோதி குழாய் வெடிச்சிது. சேறும் ஆவியும் கட்டட உசரத்துக்கு எழும்பிச்சு, ஒரு லாரி பள்ளத்துல விழுந்திச்சு, ஒரு உசிரும் போச்சு. கீழ் வால்வுடா! நம்ம மில்லுக்காரரு பீடியை வாயில வச்சுக்கிட்டே பண்ற வேலை.

இன்னொரு கூத்து கேளு. வெயில் காலத்துல அந்த ஆவியை வச்சே ஏசி ஓட்டுறானுவ. சூட்டைக் கொடுத்துக் குளிரை வாங்குறான். குஜராத்துல காந்திநகர் கிட்ட கிஃப்ட் சிட்டியில பாய்லருக்குப் பதிலா ஒரே இடத்துல தண்ணியைக் குளிர வச்சு, மண்ணுக்கடியில குழாய் விட்டுக் கட்டடங்களுக்கு அனுப்புறாங்க. வெயில் ஊருக்கு அது தோது. இதையெல்லாம் எவனாவது உனக்கு வீடியோ புடிச்சுப் போட்டானா?

நீ என்னடான்னா, மார்கழியிலயும் 20 டிகிரிக்குக் கீழ இறங்க யோசிக்கிற ஊருல, புது வீட்டுக்கு ரெண்டு கீஸர் மாட்டியிருக்கே. சித்திரை மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணியில கையை வைக்க முடியுதா? அந்தக் கீஸரைக் கடைசியா எப்ப போட்டீங்கன்னு உன் பொண்டாட்டியைப் போயிக் கேளு. நான் இஞ்சதான் குந்தியிருப்பேன்.